இரண்டாவது பட்டம் வேலைக்கு உதவுமா? சேர்வதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள்

பொறியியல் கலந்தாய்வு முடிந்து கல்லூரி திறக்கும் நாட்களில், வேலைவாய்ப்புப் பிரிவில் பணியாற்றும் என்னைப் போன்றவர்களிடம் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையனுக்கு மெக்கானிக்கல்தான் கிடைத்தது. கூடவே டேட்டா சயின்ஸில் இன்னொரு டிகிரி போட்டு வைத்தால் பின்னால் உதவும் அல்லவா?" என்பார்கள். பி.காம். சேர்ந்த பெண்ணின் தந்தை, கரஸில், அதாவது அஞ்சல் வழியில், ஒரு பி.பி.ஏ.வும் சேர்த்து எழுதலாமா என்று கேட்பார்.

'போட்டு வைப்பது' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. நகை வாங்கி வைப்பதைப் போலப் பட்டத்தை வாங்கி வைக்க முடியாது. அது மூன்று, நான்கு ஆண்டுகளின் மாலைப் பொழுதுகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் விலையாகக் கேட்கிறது. அந்த விலையைக் கொடுப்பவர் பெற்றோர் அல்லர், பதினெட்டு வயதுப் பிள்ளை. அதனால் பொதுவாக ஆம் என்றோ இல்லை என்றோ நான் சொல்வதில்லை. உட்கார்ந்து சில கணக்குகளைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அவற்றையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வேலையின் பெயரை எழுதுவதிலிருந்து தொடங்குங்கள்

ஒரு தாளை எடுத்து, ஐந்து ஆண்டுகள் கழித்து எந்த வேலையில் இருக்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். 'ஐ.டி. வேலை', 'அரசு வேலை' என்று எழுதினால் கணக்கு நகராது. 'மோட்டார் வாகன உதிரிபாக நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வாளர்', 'அரசுப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர்' என்ற அளவுக்குத் தெளிவு வேண்டும். அப்படி இரண்டு மூன்று வேலைகளை எழுதிய பிறகு, ஒவ்வொன்றுக்கும் நிஜமாக வெளிவந்த ஐந்தாறு விளம்பரங்களையாவது தேடி எடுத்து, அவற்றில் கல்வித் தகுதி என்ற வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இந்தப் பட்டம் இல்லாதவர் விண்ணப்பிக்கவே முடியாது என்று சொல்லும் விளம்பரங்களை ஒரு பக்கமும், இது தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் விளம்பரங்களை மறுபக்கமும் பிரித்து வையுங்கள். இரண்டாவது பட்டம் தேவையா என்ற கேள்வியின் பெரும்பகுதி இந்தப் பிரிப்பிலேயே தீர்ந்துவிடுகிறது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 பதவிகளில் பெரும்பாலானவற்றுக்கும், யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கும், வங்கி அதிகாரித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். இரண்டு பட்டங்கள் இருப்பதற்காக அந்தத் தேர்வுகளில் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. அந்தப் பாதையில் போக நினைப்பவர் இரண்டாவது பட்டத்துக்குச் செலவிடும் நேரம், தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்திலிருந்து எடுத்ததாகவே ஆகும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களின் தொடக்கநிலை வேலைகளுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். அவை பொறியியலின் எல்லாக் கிளைகளிலிருந்தும் ஆட்களை எடுக்கின்றன. வடிகட்டுவது அவற்றின் எழுத்துத் தேர்வும் நிரல் எழுதும் தேர்வும். மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் அங்கே நுழைவதற்குக் கணினிப் பட்டம் வேண்டியதில்லை, நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபக்கத்தில், பட்டச் சான்றிதழ் என்ற தாள் இல்லாமல் திறக்கவே திறக்காத கதவுகளும் இருக்கின்றன. பட்டதாரி ஆசிரியர் ஆக வேண்டுமானால் அந்தப் பாடத்தில் பட்டமும் பி.எட்.டும் ஆசிரியர் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் தேவை. பொறியாளர் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் எழுதினாலும் அதைக் காட்டி ஆங்கில ஆசிரியராக முடியாது. காப்புரிமை முகவர் தேர்வு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி அந்தத் தேர்வை எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும், பி.காம். முடித்துச் சட்டம் படித்தவர் அதை எழுத முடியாது. பொறியியலும் சட்டமும் ஒருவரிடம் சேரும்போது, காப்புரிமை விண்ணப்பத்தையும் நீதிமன்ற வழக்கையும் ஒருவரே கையாளும், இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்குக் கிடைக்காத ஒரு தொழில் அவருக்குத் திறக்கிறது. வெளிநாட்டு முதுகலைச் சேர்க்கையும் பல நேரங்களில் இந்த வகையில்தான் வரும். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்கள் இளங்கலையில் கணிதத்தில் இத்தனை, கணினியியலில் இத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) என்று எண்ணிப் பார்த்துத்தான் இடம் தருகின்றன.

தாள் கேட்கும் கதவுகளைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் அவசியம். தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு 'இரட்டைப் பட்டம் வழக்கு' என்றால் விளக்கம் தேவையில்லை. ஒரு பட்டம் முடித்த பின் ஓராண்டில் வேறு பாடத்தில் கூடுதல் பட்டம் பெற்றவர்கள், அதைக் காட்டிப் பதவி உயர்வு கேட்டபோது எழுந்த வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அது நடந்த காலத்தில் பதவி உயர்வுகள் தள்ளிப்போயின; கடைசியில் அந்த ஓராண்டுப் பட்டம் மூன்றாண்டுப் பட்டத்துக்கு ஈடாக ஏற்கப்படவில்லை. பல்கலைக்கழகம் முறையாகக் கொடுத்த பட்டமாகவே இருந்தாலும், வேலை கொடுப்பவர் அதை ஏற்பாரா என்பது தனிக் கேள்வி. ஆகவே விளம்பரத்தில் பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து நிறுத்தாமல், எத்தனை ஆண்டுப் படிப்பு, எந்த முறையில் படித்தது என்பது வரை படிக்க வேண்டும்.

எந்தப் பாடத்தோடு எந்தப் பாடம்

ஒரே பட்டத்துக்குள் இரண்டு மேஜர், அதாவது இரண்டு முதன்மைப் பாடங்கள், எடுப்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பழைய வழக்கம் என்பதால், அதன் பலனை அங்கே அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆலிசன் டெல் ரோஸி, ஜோனி ஹெர்ஷ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2003ஆம் ஆண்டின் பட்டதாரிகள் கணக்கெடுப்பை வைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மேற்படிப்புக்குப் போகாத பட்டதாரிகளிடையே இரட்டை மேஜர் படித்தவர்களின் வருமானம் ஒற்றை மேஜர்காரர்களைவிட 2.3 சதவீதம்தான் கூடுதல் என்று கண்டார்கள். அந்தச் சிறிய பலனிலும் பெரும்பகுதி, ஒன்றுக்கொன்று தொலைவான இரு துறைகளைச் சேர்த்துப் படித்தவர்களுக்கே போயிருந்தது. அமெரிக்க எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இரண்டு மேஜர் எடுப்பவர் இயல்பிலேயே கூடுதலாக உழைப்பவராகவும் இருக்கலாம். ஆனாலும் அது காட்டும் திசை எங்கள் கல்லூரியில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

கணினிப் பொறியியல் படிக்கும் மாணவர் டேட்டா சயின்ஸில் இரண்டாவது பட்டம் படித்தால், டேட்டா ஸ்ட்ரக்சரையும் டேட்டாபேஸையும் இரண்டு இடங்களில் இரண்டு முறை தேர்வு எழுதுகிறார். நேர்காணல் செய்பவருக்கு அவர் முன்பு இருந்த அதே ஆளாகத்தான் தெரிவார். அதே பட்டத்தை மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், பொருளியல், வணிகவியல் படிப்பவர் எடுத்தால், ஒரு துறையின் பிரச்சினையை உள்ளிருந்து அறிந்தவராகவும் அதன் தரவைக் கையாளத் தெரிந்தவராகவும் ஆகிறார். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

இந்த விதிக்கு ஒரு விலக்கு நம் ஊரிலேயே பல தலைமுறைகளாக இருக்கிறது. பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. படிப்பவர்களின் பாடங்கள் நெருங்கிய உறவினர்கள். ஆயினும் அந்த இணை பலன் தருகிறது, ஏனென்றால் அவற்றில் ஒன்று தொழில் செய்வதற்கான உரிமத்தையே கொடுக்கிறது, பாடங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதால் நேரமும் மிச்சமாகிறது. சென்னைக் கல்லூரிகளின் இரண்டு ஷிப்ட் முறையும் மாலைக் கல்லூரிகளும் இதற்குத் தோதாக அமைந்தவை. ஆர்ட்டிகிள்ஷிப் என்ற சி.ஏ. நேரடிப் பயிற்சிக் காலத்தில் வேறு படிப்பைத் தொடர்பவர், சி.ஏ. படிப்பை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ.யிடம் 112ஆம் படிவத்தில் அனுமதி பெற வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

விதிகள் எங்கே இடம் தருகின்றன, எங்கே மறுக்கின்றன

ஒரே காலத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைத் தொடரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வகுப்பு நேரங்கள் மோதாத இரண்டு நேரடிப் படிப்புகள், ஒரு நேரடிப் படிப்பும் ஒரு தொலைநிலை அல்லது இணையவழிப் படிப்பும், அல்லது இரண்டுமே தொலைநிலை, இணையவழிப் படிப்புகள் என மூன்று வகைக்கும் அது இடம் கொடுக்கிறது. முனைவர் பட்டம் இதில் சேராது. இரண்டு நேரடிப் படிப்புகள் என்பது காகிதத்தில் எளிது. நடைமுறையில் உங்களிடம் இருக்கும் அசல் மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான், அதை முதல் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலோருக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும்.

சட்டம் படிப்பவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், சட்டப் பட்டத்தோடு வேறொரு வழக்கமான பட்டப் படிப்பில் ஒரே நேரத்தில் பதிவு செய்வதைத் தடுக்கின்றன. தொலைநிலைப் படிப்புக்கு விலக்கு உண்டு. முன்பு சொன்ன காப்புரிமைத் தொழிலை விரும்புகிறவர் பி.இ. முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போவதுதான் சரியான வரிசை. இரண்டு பட்டங்கள் தேவை என்பதும் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும் என்பதும் வேறு வேறு.

தொலைநிலையில் சேர்கிறவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுப்பது குறிப்பிட்ட பாடத்துக்கு, குறிப்பிட்ட சேர்க்கைக் காலத்துக்கு. நீங்கள் சேரும் பாடமும் சேரும் பருவமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று நீங்களே அதன் இணையதளத்தில் பாருங்கள். கற்றல் மைய முகவர் காட்டும் நகலை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பொறியியல், மருத்துவம், சட்டம், நர்சிங், பார்மசி போன்றவற்றைத் தொலைநிலையில் தர அனுமதியே இல்லை.

மணிக்கணக்கு

இனி வருவது பெரும்பாலோர் போட மறந்துவிடும் கணக்கு. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் இன்று அதிகமாகக் கேட்கும் இரண்டாவது பட்டம் சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி டேட்டா சயின்ஸ் பி.எஸ். என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 2020இல் தொடங்கிய அந்தப் படிப்பில் முழுப் பட்டத்துக்கு 142 கிரெடிட். ஆண்டுக்கு மூன்று பருவங்கள். பெரும்பாலான பாடங்கள் 4 கிரெடிட் கொண்டவை. ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். வீட்டிலிருந்து படிக்கலாம், ஆனால் தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 49, கல்லூரிக்கு 40, கல்லூரிப் பேருந்துக்கு 10, குளியல், சாப்பாடு, வீட்டு வேலைகளுக்கு 17, ரெக்கார்டு எழுதவும் உள்தேர்வுக்குப் படிக்கவும் 15 என்று வைத்தால் 131 ஆகிறது. மீதி 37. ஒரு பருவத்தில் இரண்டு பாடங்கள் எடுத்தால் அதில் 20 போய்விடும். எஞ்சிய 17 மணி நேரத்தில்தான் நிரல் பயிற்சி, நண்பர்கள், விளையாட்டு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் அடங்க வேண்டும். இந்த வேகத்தில் ஆண்டுக்கு ஆறு பாடங்கள், 24 கிரெடிட். 142ஐ முடிக்க ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். நான்கு ஆண்டுகளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று சொல்பவர் பருவத்துக்கு மூன்று பாடங்கள், அதாவது அந்த 37 மணி நேரத்தில் 30ஐ, நான்கு ஆண்டுகளுக்கு இடைவிடாமல் கொடுக்கச் சம்மதிக்கிறார் என்று பொருள். சிலர் கொடுக்கிறார்கள். என் அனுபவத்தில் அவர்கள் மிகச் சிலர்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. வளாக நேர்காணல்கள் ஏழாம் செமஸ்டரில் தொடங்கிவிடும். பருவத்துக்கு இரண்டு பாடங்கள் எடுத்த மாணவரிடம் அன்றைக்கு 72 கிரெடிட்டுக்கு மேல் இருக்காது. 32 கிரெடிட் கொண்ட அடிப்படை நிலை முடிந்திருக்கும், அதற்கு மேல் தலா 27 கிரெடிட் கொண்ட இரண்டு டிப்ளமோக்களில் ஒன்று கையில் இருக்கும். முதல் வேலையைத் தேடும்போது காட்டக்கூடியது டிப்ளமோதான், பட்டம் அன்று. எனவே அந்தப் படிப்பில் சேர்கிறவர்களை முதலில் டிப்ளமோவையே இலக்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இடையில் நிறுத்தினாலும் எட்டிய நிலைக்குரிய சான்று கிடைப்பது இந்தப் படிப்பின் பெரிய நன்மை. நடுவில் நின்றால் எதுவுமே கிடைக்காத தொலைநிலைப் பட்டத்துக்கும் இதற்கும் அதுவே முக்கிய வேறுபாடு. கட்டணம் பாடக்கணக்கில் கட்டுவது என்பதாலும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 75 சதவீதம் வரை சலுகை உண்டு என்பதாலும், பணத்தைவிட நேரமே இதில் பெரிய செலவு.

அமெரிக்க இரட்டை மேஜரோடு நம்முடையதை ஒப்பிடும்போது இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அங்கே இரண்டாவது மேஜர் பெரும்பாலும் அதே பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டுக்குள் அடங்கிவிடும். மானியக் குழுவின் 2022 டிசம்பர் பாடத்திட்டச் சட்டகமும் அப்படித்தான்: நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தின் 160 கிரெடிட்டில் குறைந்தது 40 சதவீதத்தை, அதாவது 64ஐ, இரண்டாவது பாடத்தில் எடுத்தால் இரட்டை மேஜர். ஒரே சோற்றை இரண்டு தட்டுகளில் பங்கிடுவது போன்றது அது. இரண்டு தனித்தனிப் பட்டங்கள் என்பது இரண்டு முழுச் சாப்பாடு.

முதல் பட்டத்துக்கு ஊறு வரக் கூடாது

வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் பல, பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை 60 சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் (தேர்ச்சி பெறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) கூடாது என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன. அந்தப் பட்டியலைத் தயாரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் பட்டத்தில் ஓர் அரியர் இருந்தால், இரண்டாவது படிப்பில் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் அந்த மாணவரின் பெயரை என்னால் சேர்க்க முடியாது. எலக்ட்ரானிக்ஸ் மாணவி ஒருவர் முதல் செமஸ்டரிலேயே இரண்டாவது படிப்பில் சேர்ந்தார். அறிவுள்ள பெண், உழைப்பாளி. இரண்டாம் செமஸ்டர் கணிதத்தில் அரியர் விழுந்தது. அதை எழுதி முடிக்க இரண்டு ஆண்டுகளாயின, அதற்குள் மூன்றாமாண்டு இன்டர்ன்ஷிப்புக்கு வந்த நிறுவனங்கள் போய்விட்டன. தொடங்கும்போதே தடுத்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதன் பிறகு எந்த மாணவரிடமும், முதல் இரண்டு செமஸ்டர் முடிவுகள் வரும் வரை எதிலும் சேர வேண்டாம் என்றே சொல்கிறேன்.

அதற்குள் அருகிலிருக்கும் சிறிய வழியையும் பார்த்துவிடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில், 7.5 சி.ஜி.பி.ஏ. (பத்துக்குக் கணக்கிடும் சராசரி) உள்ள மாணவர், கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் வேறு துறையில் மைனர், அதாவது துணைப் பாடத் தகுதி, பெறலாம்; எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சியும் பெற்றிருந்தால் தம் துறையிலேயே ஆனர்ஸ் பெறலாம். ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்பம்), தொழில்முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவுப் பகுப்பாய்வு போன்றவையும் மைனர் பட்டியலில் உண்டு. 142 எங்கே, 18 எங்கே! முதலில் எழுதிய தாளில் உங்கள் வேலை 'தெரிந்திருக்க வேண்டும்' என்ற பக்கத்தில் விழுந்திருந்தால், பல நேரங்களில் இந்த 18 கிரெடிட்டும் ஒரு நல்ல புராஜெக்டும் போதும். தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி மாறுபடும். உங்கள் கல்லூரியின் ஒழுங்குமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு வெள்ளோட்டம்

இத்தனைக்குப் பிறகும் இரண்டாவது பட்டம் வேண்டும் என்று தோன்றினால், பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஐ.ஐ.டி.கள் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் அந்தத் துறையின் 12 வாரப் பாடம் ஒன்றை எடுத்து, வாராவாரம் பயிற்சித் தாளைச் சமர்ப்பித்து, தேர்வு வரை போங்கள். படிக்கக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டும் கட்டினால் போதும். சென்னை ஐ.ஐ.டி. படிப்புக்கு நான்கு வாரப் பாடத்தோடு கூடிய தகுதித் தேர்வே வெள்ளோட்டமாக அமைந்திருக்கிறது. விடுமுறையில் இதைச் செய்து பார்த்து ஏமாற வேண்டாம். உள்தேர்வும் லேப்பும் நடக்கும் செமஸ்டரின் நடுவில் செய்து பாருங்கள். அந்த வாரங்களில் பயிற்சித் தாளை எத்தனை முறை கடைசி நாள் இரவு பதினொன்றரை மணிக்கு அனுப்பினீர்கள் என்பதே உங்களுக்கு வேண்டிய பதிலைச் சொல்லிவிடும்.

சேர்ந்த பிறகு எப்போது நிறுத்துவது என்பதையும் சேர்வதற்கு முன்பே பெற்றோரோடு உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டத்தில் ஓர் அரியர் விழுந்தாலோ சி.ஜி.பி.ஏ. 7.5க்குக் கீழே போனாலோ அடுத்த பருவத்தில் பாடம் எடுக்க மாட்டேன் என்பது போன்ற ஒரு வரி போதும். பாதியில் விட்டுவிட்டான் என்று பின்னால் யாரும் பேசாமலிருக்கவும் அந்த வரி உதவும்.

படிக்கத் தொடங்கிவிட்டால், இரண்டு படிப்புகளையும் ஓரிடத்தில் சந்திக்க வைக்கும் வேலையொன்றை மூன்றாமாண்டுக்குள் செய்துவிடுங்கள். இரண்டு பட்டங்கள் இருக்கும் விண்ணப்பத்தைப் பார்க்கும் எந்த நேர்காணல் அதிகாரியும், இதை ஏன் படித்தாய் என்று கேட்காமல் விடமாட்டார். எங்கள் மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் டிப்ளமோ நிலையோடு நிறுத்திக்கொண்டவர். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் சிறிய பட்டறையொன்றில் அனுமதி பெற்று, பம்புகளின் அதிர்வை அளந்து, எந்தப் பம்பின் பேரிங் சீக்கிரம் போகும் என்று கணிக்கும் ஒரு நிரலை எழுதியிருந்தார். நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தபோது, அளவுகளைக் குறித்து வைத்திருந்த எண்ணெய்க் கறை படிந்த நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு நடந்த அரை மணி நேரப் பேச்சு முழுவதும் பம்பைப் பற்றியும் அந்த நிரலைப் பற்றியும்தான் இருந்தது. சான்றிதழைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை.